பானெட்டில் காய்ந்த சந்தனம்

தம்பி, நேற்றுத்தான் போனில் பேசினோம், நீ நன்றாக இருக்கிறாய் என்று குரலிலேயே தெரிந்தது. அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேராகச் செய்திக்கு வருகிறேன். நேற்று நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, "கல்யாணத்துக்கு நம்ம கார் வேணாம்மா, பானெட்டப் பாத்தாலே அசிங்கமா இருக்கு, வாடகைக்கு ஒண்ணு பாத்துக்கலாம்" என்றாய். இன்னொன்று, "விழிதியூர்ல அக்கா வீட்டுக்குப் பத்திரிகைய நீங்களும் அப்பாவுமே கொண்டுபோய்க் குடுத்துடுங்க, அத்தான் மூஞ்சில நான் முழிக்கல" என்றாய். இரண்டுக்கும் நான் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு அந்தச் "சரிப்பா" நான் சொல்லியிருக்கக் கூடாதது என்று தோன்றியது. ஏனென்றால் நீ சொன்ன இரண்டு விஷயத்துக்கும் காரணம் ஒன்றுதான், அந்தக் காரணம் நான்தான். உன் கார் பானெட்டைக் கீறியது உன் அத்தான் இல்லை. உன் அம்மா.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தால் நீ குறுக்கே பேசுவாய், நான் அழுவேன், கடைசியில் "விடும்மா" என்று முடித்துவிடுவாய். அப்படி முடிந்துவிடக் கூடாது. அதுவும் தவிர, தீபாவளியன்று நீ அத்தானைக் கேட்டது சித்தப்பா குடும்பம் முழுவதும் கூடியிருந்த இடத்தில். அத்தனை பேர் முன்னால் வாயை மூடிக்கொண்டிருந்தவள் உன்னிடம் மட்டும் தனியாக வந்து உண்மையைச் சொன்னால் அது பாதி உண்மைதான். அதனால் இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பிய கையோடு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். சித்தி படித்துவிட்டுச் சிரிக்கட்டும். பரவாயில்லை.

முதலிலிருந்து வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கு மனம் ஒப்பாது. நீ கார் வாங்கி, சென்னையில் நிறுத்த இடம் இல்லை என்று இங்கே கோவில்பத்தில் விட்டுவிட்டுப் போனாய் அல்லவா? அன்றைக்கே அதோடு வந்த கையேட்டை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தவள் நான். உன் அப்பா டயருக்குக் காற்று எவ்வளவு என்ற பக்கத்தை மட்டும்தான் பார்த்தார். பெயிண்டைப் பற்றிய பக்கத்தில் சொரசொரப்பான எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது என்று இருந்ததை நான் பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு இப்போதும் இருக்கிறது. அந்தக் கோட்டைப் போட்ட கைதான் மற்றதையும் செய்தது.

ஆயுத பூசையன்று உன் காருக்குப் பொட்டு வைத்தேன். கருநீல வண்டியில் மஞ்சள் சந்தனம் எவ்வளவு அழகாக இருக்கும் என்று உனக்கே தெரியும். ஒன்று வைத்ததும் கை நிற்கவில்லை. பானெட்டில் தோசை அளவுக்கு மூன்று வட்டம், நடுவில் குங்குமம், முன்பக்க ஓரத்தில் வரிசையாகச் சின்னப் பொட்டுகள். கடையில் வாங்கிய சந்தனப் பொடியைத்தான் கெட்டியாகக் குழைத்திருந்தேன். மறுநாள் விஜயதசமி, பூசை வைத்ததை உடனே கலைக்க மனமில்லை. அன்றைக்குப் பார்த்து நல்ல வெயில். சாயங்காலம் போய்த் தொட்டுப் பார்த்தால் சந்தனம் சிமெண்டாகியிருந்தது. அதற்கு மறுநாள் காலையில் அத்தான் தன் அப்பாவைக் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போக உன் காரைக் கேட்டிருந்தார். சம்பந்தி ஏறிப் போகும் வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன். துணியை நனைத்துத் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. பொறுமையாகத் தண்ணீரில் ஊற வைத்திருந்தால் தானே இளகியிருக்கும் என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அடிப்பிடித்த பால் பாத்திரம்தான். உள்ளே போய்க் கம்பி நாரை எடுத்துக்கொண்டு வந்தேன்.

சந்தனம் போய்விட்டது. போன இடத்தில் மூன்று வெள்ளைப் புகை வட்டங்கள் நின்றன. பயந்துபோனேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நானோ, மங்கிப்போனதை மினுக்க நம் வீட்டில் ஒரு வழி இருக்கிறதே என்று பூசை அறையிலிருந்து குத்துவிளக்கு துலக்கும் பொடியை எடுத்து வந்து, புளியும் சேர்த்துத் தேய்த்தேன். பித்தளைக்குப் பளபளப்பு வரும், பெயிண்டுக்கு வருமா? வட்டங்கள் பெரிதாயின. முன்பக்க ஓரத்தில் ஏதோ கல் தெறித்து ஏற்கெனவே ஒரு சின்னப் புள்ளி இருந்தது, அது என் கைபட்டு மிளகு அளவுக்கு விரிந்து அடியிலிருந்த தகடு தெரிந்தது. இருட்டிக்கொண்டு வந்ததால் ஈரத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்தேன். ஈரத்தில் எல்லாம் மறைந்து வண்டி புதிதுபோல இருந்தது. சரியாகிவிட்டது என்று நானே நம்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

பிறகு தீபாவளி. நீ காலையில் வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்தாய். அக்காவும் அத்தானும் பதினொரு மணிக்கு வந்தார்கள். நீ கார் உறையை எடுத்துவிட்டு, பானெட்டைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. நீ பேசியதை நீ மறந்திருப்பாய், அதனால் நான் எழுதுகிறேன். "அத்தான், பானெட் மேல என்னத்த ஏத்துனீங்க? நெல்லு மூட்டையா?" என்றாய். "நான் ஒண்ணும் ஏத்தலியே மச்சான்" என்றார் அவர். "அப்ப தானா கீறிக்கிச்சா? இது டிராக்டர் இல்ல அத்தான், கார். வயக்காட்டுல உக்கார்ற மாதிரி மேல ஏறி உக்காந்தீங்கன்னா என்னத்துக்கு ஆவும்?" என்றாய். சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அத்தான் ஒரு தடவை என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். நான் அதிரசத் தட்டோடு வாசற்படியில் நின்றேன். "அய்யோ, வடை கருகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அடுப்பில் வடை இல்லை தம்பி. வடை சுட்டு முடித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அத்தான் அன்று மதியம் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார், "போயிட்டு வர்றேன் அத்தை" என்று சொல்லிக்கொண்டும் போனார். அதற்குப் பிறகு நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்கா மட்டும் பஸ்ஸில் வந்து போனாள். உன் கல்யாணத்துக்கு நாள் குறித்த சேதியைச் சொன்னபோது அவள் ரொம்பச் சந்தோஷப்பட்டாள், புடவைக் கலர்கூடக் கேட்டாள். பிறகு முகம் மாறி, "அம்மா, நாத்தனார் முடிச்சு நாந்தான் போடணும், தெரியும். அவங்க வராத பந்தல்ல நான் எந்தக் கையால முடிச்சுப் போடுறது? அவங்கள வாங்கன்னு கூப்புட என் தம்பிக்கு வாய் இருக்கான்னு கேளுங்க" என்றாள். என் வாய்தான் சரியில்லை என்று அப்போதும் நான் சொல்லவில்லை.

அக்கா கிளம்பிப் போன அன்று இரவு உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அரிசி டிரம்மு கதையா?" என்றார். அந்தக் கதை உனக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் அவருடைய ஒரே பட்டுச் சட்டையை இஸ்திரி போடும்போது முதுகில் கருக்கிவிட்டேன். சொல்லப் பயந்து, சுருட்டி அரிசி டிரம்மின் அடியில் புதைத்துவிட்டேன். இரண்டு வாரம் அவர் அந்தச் சட்டையைத் தேடவில்லை, கேட்கவில்லை. ஒருநாள் நான் அரிசி எடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "ஏன், அரிசிக்குக் குளிருதா?" என்றார். அவர் சிரித்துவிட்டதால் பிழைத்தேன். ஆனால் அந்த இரண்டு வாரம் அவர் என்னைக் கூப்பிடும்போதெல்லாம் சட்டையைத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே போவேன். உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் சொல்கிறேன்: எதைக் கருக்கினாலும் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு. அந்தப் பெண் எதையாவது கருக்கினாலும் அவள் சாயங்காலத்துக்குள் சொல்கிற மாதிரி நீ நடந்துகொள். இரண்டாவதுதான் கஷ்டம்.

கார்த்திகை முழுக்க மழை. அந்த மழையில் நான் பெயிண்டைப் பற்றிப் படித்தேன். செல்போனில் பார்த்ததையெல்லாம் பழைய டைரியில் எழுதிக்கொண்டேன். நகத்தைக் கீறல்மேல் குறுக்காக ஓட்டிப் பார்க்க வேண்டும், நகம் தட்டாவிட்டால் மேலே இருக்கும் கண்ணாடி போன்ற பூச்சில்தான் கீறல், தட்டினால் ஆழம். தண்ணீர் தெளித்தால் மறைகிற கீறல் தேய்த்தால் போய்விடும், மறையாதது போகாது. என் மூன்று வட்டங்களும் மறைகிற ஜாதி. ஓரத்தில் இருந்த புள்ளி மறையவில்லை. அதில் பழுப்பாக ஒன்று தொடங்கியிருந்தது. நம் ஊர்க் காற்றுக்கு என்ன சொல்ல, ஜன்னல் கம்பியையே இரண்டு வருஷத்தில் தின்கிற காற்று. துருவைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கார் கதவைத் திறந்தால் உள்சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் கலர் நம்பர் இருக்கிறது, அதை எழுதிக்கொண்டு டவுனுக்குப் போய் டச்-அப் பெயிண்ட் சொல்லி வைத்தேன். வாட்டர் பேப்பர் என்கிற இரண்டாயிரம் நம்பர் நைஸ் உப்புத்தாள், தேய்த்து மினுக்கும் ரப்பிங் காம்பவுண்டு, பாலிஷ் எல்லாம் வாங்கினேன். கடைக்காரர், "வண்டி யாருதும்மா? மெக்கானிக்க அனுப்புங்களேன்" என்றார். "மெக்கானிக்தான் வந்திருக்கேன்" என்றேன். மேலே ஒன்றும் கேட்காமல் பில் போட்டார்.

எல்லாம் வாங்கி வைத்தேன், கை வைக்கத் துணிவு வரவில்லை. கொல்லையில் கிடந்த பழைய ஃபிரிட்ஜ் கதவில் தேய்த்துப் பழகினேன். உன் அப்பா பேப்பரைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, "ஃபிரிட்ஜுக்கும் சேர்த்துக் கல்யாணமா?" என்றார். அப்புறம் ஒரு காலை, மார்கழி பிறந்து இரண்டு மூன்று நாள் வெயில் தொடர்ந்து அடித்த பிறகு, அத்தானுக்குப் போன் போட்டேன். வீட்டில் பம்புசெட் எஞ்சினைத் தானே பிரித்து, தேய்த்து, பெயிண்ட் அடிப்பவர் அவர். கை நடுங்காத மனிதர் நம் குடும்பத்தில் அவர் ஒருவர்தான்.

"மாப்பிள்ளை, கார்ல ஒரு சின்ன வேல, ஒரு கை ஒத்தாச வேணும்" என்றேன்.

"மச்சான் வண்டியில நான் கை வைக்க வரல அத்தை. வேற எதுன்னாலும் சொல்லுங்க."

"அந்தக் கீறலப் போட்டது நாந்தான் மாப்பிள்ளை."

"தெரியும் அத்தை" என்றார்.

அவரே தொடர்ந்தார்: "நாளைக்கு வெயில் அடிச்சா வர்றேன். பனி காயட்டும், பத்து மணிக்கு மேல."

சொன்னபடி வந்தார். உள்ளே வரவில்லை. வண்டி நிற்கிற இடத்திலேயே நின்று தண்ணீர் வாங்கிக் குடித்தார். நான் டைரியைப் பிரித்து வாசித்தேன், அவர் செய்தார். சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவைத்து, புள்ளியைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, துருவை மட்டும் வாட்டர் பேப்பரின் ஒரு முனையால் எடுத்தார். தகட்டுக்குமேல் முதலில் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, என்று வாசித்தேன். "இருக்கு அத்தை, கொண்டாந்திருக்கேன்" என்று சட்டைப்பையிலிருந்து பம்புசெட்டுக்கு வாங்கியதில் மீந்ததை எடுத்தார். பெயிண்டைத் தூரிகையால் வைக்காமல் பல் குத்தும் குச்சியின் நுனியால் தொட்டுத் தொட்டு வைத்தார். ஒரு தொடல் காய அரை மணி. அந்த அரை மணியில்தான் நான் கேட்டேன், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று.

"அன்னைக்குக் காலைல கார எடுக்க வந்தப்பவே பாத்தேன். பக்கெட்டுல கம்பி நார் கெடந்துச்சு, சந்தனம் ஒட்டிக்கிட்டு."

"அப்ப ஏன் மாப்பிள்ளை அவன்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. மழை வரும் என்று பார்த்தேன், வரவில்லை என்பதுபோலச் சொன்னார். குச்சி நுனியைத் துடைத்துக்கொண்டே, "அப்பறம் நாளாயிட்டு. நாளாயிட்டா எதையும் சொல்ல ஒரு மாதிரியாயிடுது, உங்களுக்கும் அப்படித்தான் ஆயிருக்கும்" என்றார். எனக்காக அவரே காரணம் சொல்கிறார், பார். பிறகு, நான் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். அதை நீ அப்படியே படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

"எனக்குக் கீறல்னு சொன்னதுல வருத்தம் இல்ல அத்தை. யாரு செஞ்சாலும் கீறல் விழும். நெல்லு மூட்டையான்னு கேட்டாரு பாருங்க, அதுதான். அன்னைக்கு எலையில எல்லாரும் சாப்புட்டது எங்க வயல் நெல்லுதான். நான் கொண்டாந்து எறக்கிட்டுப் போன மூட்ட. கார்ல இல்ல, என் வண்டியில."

உண்மைதான். நம் வீட்டில் ஐந்து வருஷமாக வேகும் அரிசி அவருடையது. உனக்குச் சென்னைக்குக் கட்டிக்கொடுக்கும் அரிசியும் அதுவே. நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். முதல் சம்பளத்திலிருந்தே சேர்த்து வாங்கிய வண்டி, பார்த்ததும் வயிறு எரிந்திருக்கும். ஆனால் வயிறு எரிந்தபோது உன் வாயில் வந்தது என்ன என்பதைக் கவனி. கீறலைப் பற்றி நீ கேட்கவில்லை, அவர் செய்கிற தொழிலைச் சொல்லிக் குத்தினாய். அவர் பேசாமல் நின்றதைத் தப்புக்கு ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாய். அவரோ, மாமியாரை நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நின்றார். பேசாதவர்களைப் பற்றி நாம் சீக்கிரம் முடிவு கட்டிவிடுகிறோம். அன்று பேசாமல் நின்றவர்கள் இரண்டு பேர், இரண்டில் ஒன்றுதான் மரியாதை.

மறுநாளும் வந்து மேல்பூச்சு வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் காய வேண்டும் என்று டைரியில் இருந்தது, ஒரு வாரம் விட்டோம். பிறகு அவர் புள்ளியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமன் செய்தார், என் வட்டங்களை என்னையே தேய்க்கச் சொன்னார். நனைத்த வாட்டர் பேப்பரில் நுரைபோல வெள்ளையாக வரும், அது மேல்பூச்சு கரைவது. பானெட் முழுக்க மங்கிப்போய்ப் பார்க்கவே பயமாக இருக்கும். அதன்மேல் காம்பவுண்டைத் துணியில் எடுத்து வட்டம் வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, மங்கலுக்குள்ளிருந்து முதலில் ஜன்னல் தெரிந்தது, அப்புறம் கொடிக்கயிறு தெரிந்தது, அதற்கப்புறம் என் முகமே தெரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தேய்த்துக்கொண்டே போனேன். "அத்தை, போதும். கம்பி நார் கை இன்னும் போகல உங்களுக்கு" என்றார் அத்தான். உன் அப்பா உள்ளேயிருந்து சத்தமாகச் சிரித்தார். அத்தானும் சிரித்தார். நான் தீபாவளிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். கை கழுவிக்கொண்டு, நான் கூப்பிடாமலே உள்ளே வந்து, "என்ன கொழம்பு?" என்று கேட்டார். மண்டபத்தூர் வஞ்சிர மீன் என்றேன். உட்கார்ந்துவிட்டார்.

முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், இனிப் பொய் வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது, இருக்கும் இடம் தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தால் முன்பக்க ஓரத்தில் கடுகளவு ஒரு மேடு தெரியும். இன்னும் தேய்க்கட்டுமா என்று கேட்டேன். "இதுக்கு மேல தேய்ச்சா அடியில உள்ளது வந்துடும், விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன். கல்யாண வண்டிக்கு வாடகைக் கார் வேண்டுமா என்பதை நீ வந்து பார்த்து முடிவு செய்.

உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் கட்டளை போட மாட்டேன். இருபத்தெட்டு வயசு ஆகிவிட்டது. அப்பாவும் நானும் விழிதியூருக்குப் பத்திரிகை கொண்டுபோகப் போவதில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா வீட்டுத் தட்டில் பழமும் பத்திரிகையும் வைக்க வேண்டியது உன் கை. என் பங்குக்கு நான் அத்தானிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலை உன் ரயில் காரைக்காலுக்கு வரும்போது, உன்னைக் கூட்டிவர ஸ்டேஷனுக்கு அவர் உன் காரை எடுத்துக்கொண்டு வர முடியுமா என்று கேட்டேன். "வர்றதுல ஒண்ணும் இல்ல அத்தை. மச்சான் ஏறுவாரா?" என்றார்.

உன்னைக் கேட்காமலே ஏறுவான் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் வெளியே வந்ததும் வண்டியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நிற்காதே. மன்னிப்புக்கு நீளமான வசனம் எதுவும் தயார் செய்யாதே, அவருக்குக் கூச்சமாகிவிடும். பெட்டியைப் பின்சீட்டில், நான் வைத்தனுப்பும் பழம், பத்திரிகைப் பைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, முன்கதவைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார். "அத்தான், நேரா விழிதியூருக்கு விடுங்க" என்று சொல். இங்கே உனக்காகக் காலைச் சாப்பாடு எடுத்து வைக்க மாட்டேன், அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா